காது குடையும் காவலன்

பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் ஈ காக்கை இல்லை. வரிசையாகக் காலி நாற்காலிகள், மூலையில் மீன் இல்லாத மீன்தொட்டி, சுவரில் ஈறு வீக்கம் பற்றி ஒரு பயங்கரமான படம்.

"ஊர்ல எல்லாருக்கும் ஒரே நாள்ல பல்லு சரியாயிடுச்சு போல, அண்ணி" என்றான் கொழுந்தன்.

"வாயை மூடு. இங்க திறந்து வெச்சா புடுங்கிடுவாங்க" என்றாள் அண்ணி.

இவர்கள் இருவரும் நடத்தும் துப்பறியும் நிறுவனத்தைத் தொடங்கியவர் உண்மையில் அண்ணன். பலகை மாட்டிய முதல் வாரமே தன் ஸ்கூட்டர் சாவியைத் தொலைத்துவிட்டு, பூதக்கண்ணாடியும் கையுமாக வீடு முழுக்கத் துப்பறிந்தார். அண்ணி வாசலுக்குப் போய், "வண்டியிலேயே தொங்குது" என்றாள். நிறுவனம் அன்றைக்கே கைமாறியது. அண்ணன் நிம்மதியாகப் பழைய இன்ஷூரன்ஸ் வேலைக்குத் திரும்பினார். எந்த வேலையிலும் நிலைக்காத அவருடைய தம்பி, அண்ணிக்கு உதவியாளன் ஆனான். சம்பளத்தில் பெரும்பகுதி திட்டாகவே வழங்கப்பட்டது.

உள்ளே, டாக்டர் தன் நோயாளிகள் உட்காரும் சாய்வு நாற்காலியில் தானே சாய்ந்து கிடந்தார். ஐம்பது வயதுக்காரர். தூக்கம் இல்லாத கண்கள். கையில் போன்.

"நான் ஒண்ணும் வரலாறு படிச்சவ இல்லம்மா. நோயாளிக்கு மரப்பு ஊசி போட்டுட்டு, அது ஏறுற வரைக்கும் சும்மா நெட்ல மேய்வேன். அப்படி ஆரம்பிச்சது."

அப்படி ஆரம்பித்ததுதான் 'தோண்டத் தோண்ட' என்ற பக்கம். மட்டமான செம்பை விற்றவனைத் திட்டி ஏதோ ஒரு பழங்காலத்து வாடிக்கையாளர் களிமண்ணில் எழுதி அனுப்பிய புகார், பல்வலிக்குக் காரணம் பல்லுக்குள் குடியிருக்கும் புழுதான் என்று நம்பிய நாகரிகங்கள் என்று டாக்டர் கண்டெடுத்துப் போடுவதையெல்லாம் லட்சக்கணக்கானவர்கள் படித்தார்கள். பல் தேய்க்கச் சொன்னால் கேட்காத ஊர், பழைய ஆட்கள் பல் தேய்த்த கதையை விழுந்து விழுந்து படித்தது.

"உங்க படத்தையெல்லாம் மத்தவங்க சுட்டுப் போட மாட்டாங்களா, டாக்டர்?" என்றான் கொழுந்தன்.

"சுடுவாங்க. அதுக்குத்தான் ஒவ்வொரு படத்துலயும் என் முத்திரை இருக்கும். கதவுல இருக்கிற அதே பல்லு." டாக்டர் போனை நீட்டினார். "விஷயம் அது இல்ல. இந்த ஆளைப் பாருங்க."

அந்த ஆளை ஊரே அறியும். உள்ளங்கை உயரச் சுடுமண் பொம்மை. ஒரு கையில் ஈட்டி. இன்னொரு கையின் விரல் காதுக்குள். வாய் ஆவென்று திறந்த கொட்டாவி. 'காது குடையும் காவலன்'. டாக்டர் ஏதோ ஒரு பழைய பத்திரிகையின் பக்கங்களை நெட்டில் புரட்டும்போது கண்டுபிடித்துப் போட்ட படம். போட்ட வேகத்தில் பற்றிக்கொண்டது. மேனேஜர் மீட்டிங் போட்டால் இந்தப் படம். மாமியார் வாயைத் திறந்தால் இந்தப் படம். பல நூறு ஆண்டுகளாக மண்ணுக்குள் கிடந்தவன், ஒரே மாதத்தில் எல்லாக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் உறுப்பினர் ஆகிவிட்டான்.

"பத்திரிகையில அவன் குடையிறது வலது காது. நான் பக்கத்துல வாசகம் எழுத இடம் வேணும்னு படத்தைத் திருப்பிப் போட்டேன். அதனால என் படத்துல இடது காது. புரியுதா?"

"கண்ணாடியில பாக்கிற மாதிரி."

"ஆமா. போன வாரம் யாரோ மியூசியத்துக்குப் போய், கண்ணாடிப் பெட்டியில இருக்கிற நிஜ பொம்மையைப் படம் எடுத்துப் போட்டாங்க. அரைகுறையாத்தான் தெரியுது. ஆனா அதுலயும் இடது காது!"

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நிஜத்துல வலது காதுன்னா பெட்டியிலயும் வலதுதானே இருக்கணும்? பொம்மை மாறியிருக்குன்னு எழுதினேன். அவ்வளவுதான். மியூசியம் காப்பாளர் பதில் போட்டார். அந்தக் காலப் பத்திரிகைக்காரன்தான் படத்தை இடம்வலமா மாத்தி அச்சடிச்சிருக்கான், நான் பொய் பரப்புறேன்னு. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள மன்னிப்புக் கேட்டுப் பக்கத்தை மூடலன்னா போலீஸ்ல புகாராம்." டாக்டரின் குரல் இறங்கியது. "பக்கம் போனாப் போகுது. ஆனா வெளிய பாத்தீங்கல்ல? பொய் செய்தி போடுறவ, இல்லாத சொத்தையை இருக்குன்னு சொல்ல மாட்டாளான்னு பேசிக்கிறாங்க. ஒருத்தரும் வர்றதில்ல."

"நீங்க நேர்ல போய்ப் பாத்தீங்களா?" என்றாள் அண்ணி.

டாக்டர் தன் கையுறையை ஆராய்ந்தார்.

"மியூசியம் எங்க இருக்கு?"

"ரெண்டு தெரு தள்ளி" என்றார் டாக்டர், தரையைப் பார்த்தபடி.

"நெட்ல பாத்தா பக்கம்தான், அண்ணி" என்றான் கொழுந்தன். "நடந்தாத்தான் தூரம்."

*

மியூசியத்தில் பழம்பொருள்களைவிடக் காப்பாளரின் புகைப்படங்கள் அதிகமாக இருந்தன. காப்பாளர் ஒரு மண்பானையோடு. காப்பாளர் ஒரு கல்தூணைக் கட்டிப்பிடித்தபடி. காப்பாளர் யாரோ ஒரு பெரிய மனிதரின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தபடி. எல்லாவற்றிலும் அவர் தலைமுடி படியவாரி இருந்தது. பானைக்குத்தான் விரிசல்.

நேரில் அவர் படத்தைவிட மெலிந்திருந்தார். சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரிதாகத் தெரிந்தது.

"டிடெக்டிவா? இதுக்கா?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "பாருங்கம்மா, அந்தக் காலத்துல பிலிமைத் திருப்பிப் போட்டு அச்சடிக்கிறதெல்லாம் சர்வ சாதாரணம். ஒரு பல் டாக்டர் சொல்லி நான் வரலாறு கத்துக்கணுமா?"

"நியாயம்தான் சார். உங்ககிட்ட இருக்கிற பழைய போட்டோவைக் காட்டிட்டா முடிஞ்சுது. பொம்மை இங்க வந்தப்போ எடுத்திருப்பீங்களே?"

"எடுக்கணும்னு ஒரு திட்டம் இருக்கு."

"இன்னும் எடுக்கல?"

"தேவைப்பட்டா நெட்ல இருந்து எடுத்துக்குவோம்."

"சொந்த வீட்டுக் கிணத்தை வெச்சுக்கிட்டுத் தண்ணி லாரிக்குச் சொல்லி விடுற மாதிரி" என்று முணுமுணுத்த கொழுந்தன், உட்கார இடம் தேடினான். இருந்த ஒரே காலி நாற்காலியில் ஒரு சாப்பாட்டுப் பை இருந்தது. அதைத் தூக்கித் தரையில் வைக்கப் போனான்.

"மெதுவா!"

சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்த டிக்கெட் கிழிக்கும் அம்மாள் விழித்துக்கொண்டாள். காப்பாளர் மேசையைச் சுற்றி ஓடி வந்து, பையை இரண்டு கையாலும் வாங்கி, மேசைமேல் வைத்து, அது சாயாமல் ஒரு ஃபைலை அண்டக் கொடுத்தார்.

"ரசம்... கொட்டிடும்" என்றார், மூச்சு வாங்க.

சுவர்க் கடிகாரத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் எப்போதோ முடிந்திருந்தது. அண்ணி கடிகாரத்தையும் பார்த்தாள், பையையும் பார்த்தாள்.

"பொம்மையைப் பாக்கலாமா?"

காவலன் கூடத்தின் நடுவில் தனிக் கண்ணாடிப் பெட்டியில் நின்றான். தலைக்கு மேல் விளக்கு. ஈட்டி, கொட்டாவி, இடது காதில் விரல். பெட்டிக்குக் கீழே நீளமான விளக்கப் பலகை. காப்பாளர் அதைப் படிக்க விடவில்லை. தானே ஒப்பித்தார்.

"அலுப்பின் அழகியல்! அரசு எந்திரத்தின் மீது ஒரு மண் கலைஞனின் விமர்சனம்! அந்தக் காலடியைக் கவனிங்க. தாமரை மொட்டு. உடம்பு அலுத்தாலும் உள்ளம் தூய்மையா இருக்குன்னு அர்த்தம். இதைப் பத்தி நானே ஒரு கட்டுரை எழுதியிருக்கேன்."

அண்ணி குனிந்து பார்த்தாள். காவலனின் வலது பாதத்துக்குப் பக்கத்தில், பட்டாணி அளவில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது.

"பெட்டிச் சாவி யார்கிட்ட இருக்கும், சார்?"

"என்கிட்ட மட்டும்தான். யார்கிட்டயும் குடுக்கிற வழக்கமே இல்ல" என்றார் காப்பாளர் பெருமையாக. சில சமயம் மனிதன் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டு, ஆழம் போதுமா என்றும் கேட்பான்.

கொழுந்தன் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்றான். "இது என்ன சார் மொட்டு? அடியில ரெண்டா பிரிஞ்சிருக்கு. மேல சப்பையா இருக்கு. இதுக்கு ஒரு ரூட் கேனால் பண்ணி கேப் போட்டுவிட்டா இன்னும் நல்லாருக்கும்."

அண்ணி அவனைத் திட்ட வாயெடுத்தாள். அப்படியே நின்றாள்.

"என்ன சொன்னே?"

"தப்பா சொல்லிட்டேனா? மன்னிச்சிடுங்க அண்ணி, தாமரை வாழ்க."

"தம்பி, வாழ்க்கையில முதல் தடவையா உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்கே." அண்ணி போனை எடுத்து, 'தோண்டத் தோண்ட' பக்கத்தில் அந்தப் பிரபலமான படத்தைத் திறந்து, விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். காவலனின் காலடி. பட்டாணி அளவு வெள்ளைச் சின்னம். இரண்டு வேர்கள், சப்பையான தலை. சற்று முன் டாக்டரின் கதவில் பார்த்த அதே கடைவாய்ப் பல்.

கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் போனைப் பிடித்துக் காட்டினாள்.

"சார், உங்க பழங்காலக் கலைஞன், டாக்டரம்மா முத்திரையையும் சேர்த்து வனைஞ்சு வெச்சிருக்கான். அந்தக் காலத்துலயே நெட் இருந்துச்சா?"

காப்பாளர் போனைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மறுபடி போனை.

"அது... அது எப்பவுமே அங்கதானே இருந்தது?"

"பாவம், நீங்களே நம்பிட்டீங்க" என்றாள் அண்ணி. "இத்தனை வருஷம் பக்கத்துலயே இருந்தும் நிஜத்தைச் சரியா பாத்ததில்ல. எல்லார் மாதிரி நீங்களும் போன்லதான் பாத்திருக்கீங்க. அதனால இதைச் செஞ்சவன்கிட்டயும் போன் படத்தைத்தான் குடுத்தீங்க. அவன் இடது காதையும் செஞ்சான், பல்லையும் செஞ்சான். வந்தப்புறம் அது என்னன்னு தெரியாம நீங்க தாமரைன்னு கட்டுரை எழுதிட்டீங்க."

"திருடிட்டாருன்னு சொல்றீங்களா, அண்ணி?" கொழுந்தன் இரண்டடி தள்ளி நின்று காப்பாளரைப் புதுமரியாதையோடு பார்த்தான்.

"திருடுறவன் அசலைப் பக்கத்துல வெச்சு, அச்சு அசலா நகல் எடுப்பான். இவர் அசலைக் காட்டவே இல்ல. காட்டுற நிலைமையில அது இல்ல." அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "ரசம் கொட்டினா தொடைச்சுக்கலாம் சார். அதுக்குப் போய் யாரும் உயிர் போற மாதிரி கத்த மாட்டாங்க."

காப்பாளர் பக்கத்திலிருந்த பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தார். படியவாரிய தலையில் கை வைத்தார்.

"உடைச்சுட்டேம்மா" என்றார்.

படம் பிரபலமானதும், கூட்டம் வந்ததும், அவருக்கும் காவலனோடு ஒரு செல்பி எடுக்க ஆசை வந்தது. பெட்டியைத் திறந்து, ஒரு கையில் பொம்மை, ஒரு கையில் போன். எந்தக் கையை நீட்டுவது என்று ஒரு கணம் குழம்பினார். போனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அன்னையிலருந்து இதைச் சுமந்துக்கிட்டுத் திரியறேன். இங்க வெச்சா பெருக்க வர்ற அம்மா கண்ணுல படும். வீட்டுல வெச்சா என் பொண்டாட்டி கண்ணுல படும். பஸ்ல மடியில வெச்சுக்கிட்டுப் போவேன். எவனாவது இடிச்சா உயிரே போயிடும். டாக்டரம்மா எழுதினதைப் பாத்ததும் பயந்துட்டேன். மிரட்டினா அடங்கிடுவாங்கன்னு நெனச்சேன்."

கொழுந்தன் ஏதோ சொல்ல வந்தான். அண்ணி பார்த்த பார்வையில் விழுங்கிக்கொண்டான்.

"டாக்டரைக் கூப்பிடு" என்றாள்.

*

ரெண்டு தெருவை டாக்டர் முதன்முறையாக நடந்து கடந்து, வெள்ளைக் கோட்டோடு வந்து சேர்ந்தார். வரும்போதே மன்னிப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இந்த ஆளை ஊரறியக் கிழித்துத் தொங்கவிடுகிறேன் என்ற வேகம் இருந்தது. காப்பாளர் சாப்பாட்டுப் பையிலிருந்து டப்பாவை எடுத்து, துண்டைப் பிரித்ததும் அந்த வேகம் எங்கே போனதென்று தெரியவில்லை.

துண்டுக்குள் காவலன் கிடந்தான். வலது கை தனியாக.

"இவ்வளவு சின்னவனா!" என்றார் டாக்டர். "போன்ல எவ்வளவு பெருசா தெரிஞ்சான்!"

கையுறை மாட்டினார். கோட்டுப் பையிலிருந்து, வாய்க்குள் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்தார். உடைந்த கையைத் தோள்பட்டையோடு சேர்த்துப் பார்த்தார். பிரித்தார். காதுக்குப் பக்கத்தில் கண்ணாடியைக் கொண்டுபோய், நோயாளியிடம் சொல்வதுபோல் காவலனிடமே, "கொஞ்சம் திரும்புங்க" என்றார்.

பிறகு நிமிர்ந்து காப்பாளர் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க இதை உடைக்கல."

காப்பாளர் தலை தூக்கினார்.

"இங்க பாருங்க, தோள்ல மஞ்சளா. காதுகிட்டயும் மஞ்சளா. இது பசை. காய்ஞ்சு இறுகின பழைய பசை. எப்பவோ உடைஞ்ச கையை யாரோ எடுத்து ஒட்டியிருக்காங்க. நீங்க கீழ போட்டதுல அந்த ஒட்டுதான் விட்டுப் போச்சு. புதுசா ஒரு கீறல்கூட இல்ல."

"நிஜமாவா?" காப்பாளர் எழுந்து அருகே வந்தார்.

"ஒட்டினவன் தப்பா ஒட்டியிருக்கான். காது வழவழன்னு முழுசா இருக்கு. அங்க எதுவும் சேர்ந்து இருந்ததுக்கான அடையாளமே இல்ல. ஆனா கன்னத்துல, வாய்க்குப் பக்கத்துல பாருங்க, சொரசொரன்னு ஒரு தழும்பு." டாக்டர் கையைத் தோளில் பொருத்தி, மெல்லத் தாழ்த்தி, முன்பக்கம் கொண்டுவந்தார். பல்லுக்குக் கேப் பொருத்துகிறவரின் பொறுமை. தேய்ந்துபோன அந்தக் கை கன்னத்துத் தழும்பில் போய் உட்கார்ந்தது. இம்மி இடைவெளி இல்லை.

நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

விரல் காதில் இல்லை. கை வாயோரமாகக் குவிந்திருந்தது. கொட்டாவி என்று ஊரே சிரித்த அந்தத் திறந்த வாய், கொட்டாவி இல்லை.

"கூப்பிடுறான்" என்றாள் அண்ணி மெதுவாக.

"யாரையோ எழுப்புறான்" என்றார் டாக்டர். "எதையோ பாத்துட்டு, ஓடி வாங்கன்னு கத்துறான். அவனைப் போய்ச் சோம்பேறின்னு உலகம் பூரா பரப்பி விட்டுட்டேனே!"

"நீங்க மட்டுமா? நான் அலுப்பின் அழகியல்னு கட்டுரையே எழுதினேன்" என்றார் காப்பாளர்.

"நான் அவனைப் போட்டுத்தான் அண்ணனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினேன்" என்றான் கொழுந்தன். யாரும் சிரிக்கவில்லை.

டாக்டரின் கட்டைவிரல் போன்மேல் துடித்துக்கொண்டிருந்தது. அவர் வாழ்நாளில் தானே கண்டுபிடித்த முதல் கண்டுபிடிப்பு. நெட்டில் மேய்ந்து எடுத்ததல்ல. அரை மணியில் உலகம் முழுக்கப் போய்விடும்.

"டாக்டர்" என்றார் காப்பாளர். "புகாரெல்லாம் கிடையாது. நான் செஞ்சது அயோக்கியத்தனம். ஆனா இன்னைக்கு ஒரு நாள் குடுங்க. என் மேலதிகாரிகிட்ட நானே சொல்லிடறேன். அவர் நெட்ல பாத்துத் தெரிஞ்சுக்க வேண்டாம்."

டாக்டர் அண்ணியைப் பார்த்தார். "உங்க கேஸ், உங்க இஷ்டம்" என்றாள் அண்ணி.

போன் கோட்டுப் பைக்குள் போனது.

*

மறுநாள் காலை அண்ணியும் கொழுந்தனும் போனபோது, காத்திருப்பு அறையில் ஒரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலை வாராமல், காப்பாளர்.

"பல்வலியா சார்?" என்றான் கொழுந்தன்.

"சொல்லிட்டேன் தம்பி. முழுசா சொல்லிட்டேன். சஸ்பெண்ட் பண்றாங்களாம். பொம்மையைப் பாக்க நிபுணர்களை அனுப்புறாங்களாம். வீட்டுக்குப் போகத்தான் பயமா இருக்கு. அதான் இங்க."

"இதுக்கு மரப்பு ஊசி கிடையாதே" என்றபடி டாக்டர் வெளியே வந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, போனை நீட்டினார். இரவெல்லாம் எழுதியிருந்தார். படத்தைத் திருப்பிப் போட்டது தன் தவறு, நேரில் போகாமலே ஒருவனைக் கேலிப்பொருள் ஆக்கியது தன் தவறு, கையின் சரியான இடம் இதுவாக இருக்கலாம் என்று தோன்றுகிறது, மற்றதை அறிந்தவர்கள் பார்த்துச் சொல்லட்டும் என்று.

"படிச்சுப் பாருங்க. தப்பு இருந்தா சொல்லுங்க. இன்னும் போடல."

காப்பாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முதலிலிருந்து கடைசிவரை, உதடு அசைய. பிறகு மறுபடி மேலே போனார்.

"இதுல ஒரு விஷயம் விட்டுப் போச்சே."

"எது?"

"பெட்டிக்குள்ள போலியை வெச்சது யாருன்னு எழுதவே இல்ல."

"வேணும்னுதான் விட்டேன். உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிற தொல்லை போதும்."

"போடுங்கம்மா." காப்பாளர் போனைத் திருப்பிக் கொடுத்தார். "நாளைக்கு எவனாவது நெட்ல மேயும்போது இதைப் படிப்பான். அவனுக்கு முழுசா தெரியட்டும்."

டாக்டர் தட்டச்சு செய்தார். பாதியில் நிறுத்தி, தயங்கிக் கேட்டார்.

"எப்படிப் போடறது? முன்னாள் காப்பாளர்னா?"

காப்பாளர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"ஆர்டர் இன்னும் கைக்கு வரல. காப்பாளர்னே போடுங்க."